சல்லடை சொல்லும் அளவு, ஓவன் சொல்லும் ஈரம்

கன்னியாகுமரி கடற்கரையில் பல நிற மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். குமரி அம்மனின் கல்யாணத்துக்குக் கொண்டுவந்து குவித்த அரிசியும் பருப்பும், சுசீந்திரத்து மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வந்து சேராததால், மணலாகிக் கிடக்கின்றன என்பது ஊர்க்கதை. கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பு கார்னெட், வெளுப்பு குவார்ட்ஸ், தேன் நிறத்தில் ஊடே மின்னுவது மோனசைட் என்பது புவியியல். கதையில் தானியமும் மணலும் ஒரே குவியல். ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் அப்படித்தான். நெல்லோ, மணலோ, கிராம்போ, சிமென்ட்டோ, எது வந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள்தாம்: பருமன் எவ்வளவு? ஈரம் எவ்வளவு?

கேட்பதற்கு எளிய கேள்விகள். பதில்தான் எளிதில்லை. ஒரே பிடி மணலுக்குச் சல்லடை ஓர் அளவு சொல்லும், லேசர் கருவி வேறோர் அளவு சொல்லும். ஒரே மூட்டை நெல்லின் ஈரம் 20 சதவீதம் என்றும் 25 சதவீதம் என்றும் சொல்லலாம். இரண்டும் சரியாகவே இருக்கும். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. அந்த எண்ணை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள், மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள், வீடு கட்டுகிறார்கள்.

முதலில் மணல். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றோடு ஒட்டிக்கொண்டு போயிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைக்கு ஐரோப்பியத் தெருக்களில் எரிந்த வாயு விளக்குகளின் மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்ட கலவை அது. பின்னாளில் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஷோம்பர்க் கண்டறிந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் தொடங்கிவிட்டது. இன்று அங்கே இயங்குவது இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம், ஊர்க்காரர்களுக்கு அது 'மணல் ஆலை'. கடலோரத்தில் மண் எடுப்பது சரியா தவறா என்பது இந்த மாவட்டத்தில் சூடான விவாதம், அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். இங்கே பேச்சு அந்த மணலின் பருமனைப் பற்றி மட்டும்.

கடற்கரை மணலை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் உடனே சல்லடையில் போடக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்க வேண்டும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டிக்கொண்ட இரண்டு மணிகளைச் சல்லடை ஒரே பெரிய மணியாகத்தான் கணக்கில் எடுக்கும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சிப்பித்தூளைக் கரைக்க வேண்டும். மறுபடி கழுவி, ஓவனில் உலர்த்தி, எடை போட்டு, அதன் பிறகுதான் சல்லடை.

சல்லடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேலே பெரிய கண், கீழே போகப்போகச் சிறிய கண், அடியில் ஒரு தட்டு. கட்டட மணலுக்கு 4.75 மி.மீ., 2.36, 1.18, பிறகு 600, 300, 150 மைக்ரான் என்று இறங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குலுக்கும் எந்திரத்தில் 10, 15 நிமிடம் ஆட்டிவிட்டு, ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை எடை போடுவார்கள். பாதி எடை எந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதே இடைப்பருமன். ஆய்வறிக்கைகளில் டி-50 என்று வரும். 2 மி.மீ.க்கும் 16-இல் ஒரு பங்கு மி.மீ.க்கும் இடைப்பட்டதை மணல் என்று அழைப்பது 1922-இல் அமெரிக்கரான வென்ட்வொர்த் வரைந்த எல்லை. இன்றும் புவியியலாளர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வீட்டில் மாவு சலிப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் சல்லடை அளப்பது மணியின் நீளத்தை இல்லை. நீண்ட மணி நெட்டுக்குத்தாக நின்று கண்ணுக்குள் நழுவிவிடும். அதன் நீளம் சல்லடைக்குத் தெரியவே தெரியாது. அகலம்தான் தெரியும். கம்பி வலை நாளடைவில் தளரும், கண் பெரிதாகும், அப்போது மணல் 'பொடி'யாகிவிட்டது போலக் கணக்கு காட்டும். கண்ணில் மாட்டிய மணியை ஊசியால் குத்தி எடுக்கும் பழக்கம் பல கல்லூரிக் கூடங்களில் உண்டு. வலையைக் கெடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது. மென்மையான தூரிகையால் அடிப்பக்கமிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் எல்லாத் தட்டுகளின் எடையையும் கூட்டினால் தொடக்கத்தில் போட்ட எடை ஏறக்குறைய வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது.

மணவாளக்குறிச்சி மணலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட் 4.7-ஐ ஒட்டியது, மோனசைட் 5-ஐ ஒட்டியது. ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதைப் புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் போட்டால், அதன் அடர்த்தி 2.89 என்பதால், குவார்ட்ஸ் மிதக்கும், கறுப்பும் சிவப்பும் அடியில் தங்கும். நச்சுத் திரவம் அது. புகைபோக்கி அறைக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் கன மணிகள் பெரும்பாலும் பொடிச் சல்லடைகளில்தான் கூட்டமாக இருக்கும். பெரிய கண் சல்லடையில் வெறும் குவார்ட்ஸ்தான்.

ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பருமனை அளக்கும் இரண்டாவது முறையும் ஒளிந்திருக்கிறது. 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் தந்தார். நீரில் மூழ்கும் சிறிய உருண்டையின் வேகம், அதன் அடர்த்திக்கும் நீரின் அடர்த்திக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது; விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. குவார்ட்ஸுக்கு அந்த வித்தியாசம் 1.65, இல்மனைட்டுக்கு 3.7. கணக்குப் போட்டால், ஓர் இல்மனைட் மணியும் அதைப்போல் ஒன்றரை மடங்கு விட்டமுள்ள குவார்ட்ஸ் மணியும் ஒரே வேகத்தில் கீழே இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னகைட், கோண்டலைட் பாறைகள் சிதைந்து வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியாகக் கடலுக்கு வருகின்றன. தென்மேற்குப் பருவ அலை அவற்றைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. பின்வாங்கும் நீர் இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது. கறுப்பு மட்டும் கோடு கோடாகத் தங்கிவிடுகிறது. கடல் பிரிப்பது நீரில் மணி விழும் வேகத்தை வைத்து, சல்லடை பிரிப்பது அகலத்தை வைத்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த மணல் எப்படி வந்து சேர்ந்தது என்று புரிகிறது. ஸ்டோக்ஸின் சூத்திரம் கண்டிப்பாகப் பொருந்துவது மிக நுண்ணிய மணல், வண்டல் அளவுள்ள மணிகளுக்குத்தான். அதற்கு மேல் நீர் சுழலத் தொடங்கி, கணக்கு கொஞ்சம் மாறும்.

சல்லடை எட்டாத இடத்துக்கும் அந்தச் சூத்திரம் உதவுகிறது. 75 மைக்ரானுக்குக் கீழே சலிப்பது கடினம்; களிமண்ணை எந்த வலையும் சலிக்காது. மண்ணைத் தண்ணீரில் கலந்து, துகள்கள் ஒட்டாமல் இருக்கச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்த்து, உயரமான கண்ணாடி உருளையில் விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பெரியது முதலில் இறங்கும், சிறியது பின்னால். 2 மைக்ரான் களித்துகள் 10 செ.மீ. இறங்க 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். இந்தப் பாடத்தை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நாகர்கோவிலில் மின்விசிறி ஓடும் 30 டிகிரி அறையில் தண்ணீரின் பாகுத்தன்மை குறைந்துவிடுவதால் ஆறேகால் மணி நேரத்தை ஒட்டி அது இறங்கிவிடும். வெப்பமானியைப் பார்க்காமல் புத்தகத்தில் உள்ள நேரத்துக்கே மாதிரி எடுக்கும் மாணவருக்கு, வயல் மண்ணில் உள்ள களியில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும்.

இப்போதெல்லாம் இந்தக் காத்திருப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. லேசர் கருவி வந்துவிட்டது. துகள்களின் ஊடே லேசர் கதிரைச் செலுத்தினால் ஒளி சிதறும். பெரிய துகள் குறுகிய கோணத்தில் சிதறடிக்கும், சிறியது அகன்ற கோணத்தில். சிதறிய வடிவத்தை அளந்து, எந்தெந்த அளவு உருண்டைகள் கலந்திருந்தால் இப்படிச் சிதறும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. ஓரிரு நிமிடத்தில் முடிவு. அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் இருக்கிறது: எல்லாத் துகளும் உருண்டை. கடற்கரை மணிகள் அலையில் உருண்டு தேய்ந்தவை என்பதால் ஓரளவு ஒத்துப்போகும். களித்துகளோ தட்டை, லேசரின் பார்வையில் அது தன் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால்தான் ஒரே மண்ணுக்கு, படியவைத்து அளந்தால் வரும் களி சதவீதத்தைவிட லேசரில் வருவது வழக்கமாகக் குறைவு. எந்திரம் விலை கூடியது என்பதால் அது சொல்வதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுகிறவர் முதலில் முறையை ஒப்பிட வேண்டும்.

சிமென்ட்டுக்கு இந்த வழிகள் எதுவும் இல்லாமல் இன்னொரு வழியும் உண்டு. 1943-இல் பிளெய்ன் என்பவர் தந்த முறைப்படி, இறுக்கி வைத்த சிமென்ட் படுகையின் ஊடே காற்று எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். துகள் பொடியாகப் பொடியாகக் காற்றுக்கு வழி நெருக்கமாகும். அதிலிருந்து ஒரு கிலோ சிமென்ட்டின் மொத்தப் பரப்பு கிடைக்கும்; சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தரம் கேட்பது குறைந்தது 225 சதுர மீட்டர். இங்கே துகளின் விட்டத்தை யாரும் அளக்கவே இல்லை.

மணல் ஆலைக்குத் திரும்பினால், பருமனும் ஈரமும் கைகோக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. நீர்ச் சுருள்களில் கனமானதைத் தனியே பிரித்த பிறகு, மணலைச் சூடேற்றி முழுக்க உலர்த்தி மின்னழுத்தப் பிரிப்பானில் விடுவார்கள். சுழலும் உலோக உருளைமேல் மணல் விழும்போது மின்னேற்றம் பெறுகிறது. இல்மனைட்டும் ரூட்டைல் என்ற கனிமமும் மின்சாரத்தைக் கடத்துபவை. ஏற்றத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டுத் தெறித்துப் போகும். சிர்கான் என்ற கனிமமும் மோனசைட்டும் கடத்தாதவை. உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து பின்னால் விழும். பிறகு காந்தம் வந்து இல்மனைட்டை ரூட்டைலிடமிருந்தும், மோனசைட்டைச் சிர்கானிடமிருந்தும் பிரிக்கும். மணியின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருந்தால் போதும், கடத்தாததும் கடத்தத் தொடங்கிவிடும். எல்லாம் ஒரே பக்கம் விழும், பிரிப்பான் வெறும் உருளையாகிவிடும். பருமன் கலந்து கிடந்தாலும் அதே குழப்பம்: பெரிய மணியைத் தெறிக்கவைப்பது அதன் எடையா மின்னேற்றமா என்று எந்திரத்துக்குத் தெரியாது.

ஈரத்தை அளக்கும் அடிப்படை முறை மிகப் பழையது: எடை போடு, உலர்த்து, மறுபடி எடை போடு. மணலுக்கு 105 டிகிரி ஓவன். எடுத்ததும் சூட்டோடு தராசில் வைக்கக் கூடாது. சூடான தட்டைச் சுற்றிக் காற்று மேலெழும்பி எடையைக் குறைத்துக் காட்டும். வெளியே வைத்து ஆறவிட்டால், இந்தக் கடலோரக் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி வாங்கிக்கொள்ளும். டெசிகேட்டர் என்ற மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் சிலிக்கா ஜெல்லுக்கு மேலே வைத்துத்தான் ஆறவிட வேண்டும். எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

நெல்லுக்கு இதே வேலையில் ஒரு வேடிக்கை சேர்ந்துகொள்கிறது. முழு நெல்லின் உமி ஈரத்தை எளிதில் வெளியே விடாது. எனவே பன்னாட்டு விதைப் பரிசோதனை விதிகள் நெல்லை அரைக்கச் சொல்கின்றன, பிறகு 130 டிகிரியில் 2 மணி நேரம். எவ்வளவு பொடியாக அரைக்க வேண்டும்? அரைத்ததில் பாதியாவது 0.5 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும், 1 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆக, ஈரத்தை அளக்க முதலில் பருமனை அளக்க வேண்டியிருக்கிறது. ரொம்ப ஈரமான நெல்லை அரைத்தால் அரைக்கும் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும் என்பதால், அப்படிப்பட்டதை முன்னதாகக் கொஞ்சம் உலர்த்தி, அந்த எடைக்குறைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சான்று பெற்ற நெல் விதைக்கு ஈர வரம்பு 13 சதவீதம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். ரகங்களுக்கும் அதே கணக்குதான்.

நாஞ்சில் நாட்டில் பாட்ட நெல்லைக் கோட்டைக் கணக்கில் மரக்காலால் அளந்த காலம் உண்டு. மரக்கால் கொள்ளளவைத்தான் சொல்லும்; உள்ளே இருக்கும் ஈரத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. பச்சை நெல்லா, காய்ந்த நெல்லா என்பதை வாங்குபவர் பல்லில் வைத்துக் கடித்தும், கையில் அள்ளிச் சலசலப்பைக் கேட்டும் தீர்மானித்தார். அந்தக் கைப்பழக்கத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதை ரசீதில் எழுத முடியாது.

இன்று எடை, கூடவே ஈரப்பதம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை, மத்திய அரசின் பொது வரம்பு 17 சதவீதம். மழை பெய்து கெடுக்கும் ஆண்டுகளில் தமிழ்நாடு தளர்வு கேட்பதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் செய்தித்தாளில் வழக்கமாக வருபவை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் உண்டு; நெல்லும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கும்பப்பூ அறுவடை மாசியை ஒட்டி, காய்ந்த நாட்களில் வரும். ஈரம் பார்க்கும் மீட்டரோடு சண்டை வருவது குறைவு. கன்னிப்பூ அறுவடை புரட்டாசியை ஒட்டி. அன்று மாலை இடி இடித்தால் களத்து நெல்லின் கதி என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ நெல்லைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் எத்தனை கிலோ குறையும்? பலரும் 3 சதவீதம், அதாவது 1.2 கிலோ என்பார்கள். மூட்டையில் நீர் 8 கிலோ, காய்ந்த பொருள் 32 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 32 கிலோ மாறாது. அது இப்போது மொத்தத்தில் 83 சதவீதம். ஆகவே மூட்டை 38.55 கிலோ. குறைந்தது 1.45 கிலோ. மூட்டைக்குக் கால் கிலோ வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நூறு மூட்டை கொண்டுவருபவரைக் கேட்டால் தெரியும்.

அதே மூட்டையின் ஈரத்தை ஒரு மண் பொறியாளர் 25 சதவீதம் என்பார். அவர் 8 கிலோ நீரை மொத்த எடையால் வகுப்பதில்லை, காய்ந்த 32 கிலோவால் வகுப்பார். அவருடைய துறையில் அதுதான் வழக்கம். இந்தக் கணக்கில் சதுப்பு மண்ணின் ஈரம் 100 சதவீதத்தைத் தாண்டும், யாரும் திடுக்கிடுவதில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஓவனுக்கு நேரமில்லை. அங்கே இருக்கும் கைமீட்டர் ஈரத்தை நேரடியாக அளப்பதே இல்லை, மின்தன்மையை அளக்கிறது. நீரின் மின்காப்பு மாறிலி 80 அளவில் இருக்கும். காய்ந்த தானியத்துக்கு அது 5-க்கும் கீழே. இரண்டு தகடுகளுக்கு இடையே நெல்லை இட்டால், ஈரம் கூடக்கூட அதன் மின்தேக்கும் திறன் ஏறும். அந்த ஏற்றத்தை ஓவன் முடிவோடு ஒப்பிட்டுத் தயாரித்த அட்டவணைதான் கருவிக்குள் இருக்கிறது. நெல்லை அழுத்தி நிரப்பினாலும், வெயிலில் சுட்ட நெல்லை உடனே போட்டாலும், மீட்டரில் வேறு ரகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் எண் நகரும். பனியில் நனைந்த நெல்லுக்கு மேலே ஈரம், உள்ளே காய்ச்சல். சில மணி நேரம் மூடிவைத்து ஈரம் சமமான பிறகு அளந்தால் வேறு எண் வரும். ஒரே மூட்டைக்கு 17.4, பிறகு 16.8 என்று வந்தால் அதில் யாருடைய சூதும் இருக்க வேண்டியதில்லை. வரம்பை ஒட்டிய நெல்லை ஒரே ஒரு முறை அளந்து திருப்பி அனுப்புவதுதான் அநியாயம்.

வயலைவிட்டு மலைக்கு ஏறினால் ஓவனே பொய் சொல்லத் தொடங்கும். மாறாமலை, வேளிமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பின் பெருமை அதிலுள்ள எண்ணெய். எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி யூஜினால். அந்தக் கிராம்பை அரைத்து 105 டிகிரி ஓவனில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் அறை முழுக்க மணக்கும். அந்த மணம்தான் சாட்சி: நீரோடு எண்ணெயும் போய்க்கொண்டிருக்கிறது. தராசுக்கு நீர் எது, எண்ணெய் எது என்று தெரியாது. போன எடை மொத்தத்தையும் ஈரம் என்று எழுதினால், கிராம்பு எவ்வளவுக்கு எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்கு அவ்வளவு 'ஈரமான' சரக்காகிவிடும்.

இதற்கு விடை 1920-இல் டீன், ஸ்டார்க் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் பெட்ரோலியத்துக்காகச் செய்த ஒரு கண்ணாடிக் கருவி. அரைத்த கிராம்பை டொலுவீனில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். டொலுவீன் ஆவி நீராவியையும் சேர்த்து மேலே இழுத்துப் போகும். குளிர்ந்து பக்கக் குழாயில் சொட்டும். எண்ணெய் டொலுவீனோடு கலந்துவிடும், நீர் மட்டும் கலக்காமல் அடியில் தனியே தேங்கும். குழாயில் கோடு போட்டிருக்கும், எத்தனை மில்லி என்று கண்ணாலேயே படித்துவிடலாம். எடையே போடாமல் நீரை நீராகவே பார்க்கும் முறை இது. மிளகு, ஏலம், கிராம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் பன்னாட்டு வழக்கம்.

இதைவிட நுட்பமானது 1935-இல் கார்ல் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் தந்த வேதிமுறை. அயோடினும் கந்தக டை ஆக்சைடும் வினைபுரிய நீர் வேண்டும். ஒரு நீர் மூலக்கூறுக்கு ஓர் அயோடின் மூலக்கூறு செலவாகும். செலவான அயோடினை எண்ணினால் நீரை எண்ணியதாகிவிடும். மருந்து மாத்திரையிலும் மின்மாற்றி எண்ணெயிலும் உள்ள மில்லியனில் சில பங்கு நீரைக்கூட அது கண்டுபிடிக்கும். நெல் மூட்டைக்கு அந்தப் பாடு தேவையில்லை.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்ப் பாலில் கேள்வி தலைகீழாகிறது. அங்கே யாரும் நீரை அளப்பதில்லை. நீர் போக மிச்சம் எவ்வளவு ரப்பர் என்பதற்குத்தான் காசு. பால் என்பது நீரில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே, எந்தச் சல்லடைக்கும் எட்டாதவை. மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டால், ரப்பர் நீரைவிட இலேசு என்பதால், பாலில் ரப்பர் கூடக்கூட மிதவை ஆழமாக இறங்கும். உடனடிக் கணக்குக்கு அது போதும். பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் மிதவை சில சமயம் தடுமாறும். சரியாக அறிய, சிறிதளவு பாலை எடைபோட்டு, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தாளாக அழுத்தி, கழுவி, 70 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். தோட்டத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி ரப்பர் இருக்கும். மழை நாளில் சிரட்டைக்குள் விழுந்த தண்ணீரும் இந்த எண்ணில்தான் வெளிப்படும்.

எந்த முறையானாலும் மாதிரி தவறினால் எல்லாம் தவறு. மணலைக் குவித்தால் பெரிய மணிகள் சரிவில் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், பொடி நடுவில் நிற்கும். ஓரத்தில் ஒரு கை அள்ளுபவருக்குக் கிடைப்பது அந்தக் குவியலின் பாதிக் கதை. அதனால் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி குவித்து, தேவையான அளவு சுருங்கும்வரை இதைச் செய்வார்கள். மூட்டையில் குத்தூசி போடுபவரும் ஒரே மூட்டையின் ஓரத்தில் குத்தினால் போதாது. பல மூட்டைகளில், நடுவரை போக வேண்டும்.

கடைசியாக, வீடு கட்டுகிறவர்களுக்கு. மணல் லாரியில் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடியாக வருகிறது. ஈர மணலில் ஒவ்வொரு மணியையும் சுற்றி நீர்ப்படலம் நின்று மணிகளைத் தள்ளிவைக்கும். 5 முதல் 8 சதவீத ஈரத்தில் மென்மணல் கால் பங்கு, அதற்கு மேலும்கூட உப்பிவிடும். மணல் எவ்வளவு பொடியோ அவ்வளவு உப்பும். முழுக்க நீரில் மூழ்கினால் படலம் உடைந்து பழைய அளவுக்கு இறங்கிவிடும். சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். 250 மி.லி. அளவு ஜாடியில் ஈர மணலைத் தளர்வாக 200 கோடுவரை போட்டு, அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணலை வெளியே கொட்டிவிட்டு, ஜாடியில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதே மணலை உள்ளே போட்டுக் கிளறி, படியவிடுங்கள். மட்டம் 160-இல் நின்றால், மணல் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். ஒரு யூனிட் என்று இறங்கியதில் உண்மையான மணல் 80 கன அடிதான். சட்டியால் அளந்து சிமென்ட் கலக்கும் கொத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள்; ஈர மணலென்றால் சட்டிக் கணக்கை அவர் கூட்டித்தான் போட வேண்டும். லாரிக்காரர் பணம் வாங்கிக்கொண்டு போவதற்கு முன்பே செய்து முடிக்கிற சோதனை இது, பத்து நிமிடம்கூட ஆகாது.